நிறைமாதச் சோர்வும் பேறுகாலமும்: மாமி சொல்வதில் எவ்வளவு உண்மை?

அருமனைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். முதல் பிள்ளை, 35 வாரம் முடிந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. காலையில் போனால் இரவு எட்டு மணிவரை நின்ற நிலைதான். கணவர் துபாயில் இருக்கிறார். இரவில் சேர்ந்தாற்போல இரண்டு மணி நேரம் தூங்கி ஒரு மாதம் ஆகிறது. வாசல்படி நாலு ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ‘இப்போதே இப்படிச் சோர்ந்து கிடந்தால் பேறு நேரத்தில் முக்குவதற்குத் தெம்பு எங்கிருந்து வரும்? ஆபரேஷன்தான் செய்வார்கள். குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தால்தான் சுகப்பிரசவம்’ என்று மாமி (கணவரின் அம்மா) சொல்கிறார். இது உண்மையா, இனி நான் என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

மக்களே, நான் நம் கன்னியாகுமரி மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் செவிலியாக இருந்தவள். அதில் பெரும்பகுதி பிரசவ அறையில் கழிந்தது. இந்தக் கேள்வியைப் பிள்ளைத்தாய்ச்சிகள் அதிகம் கேட்டதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவோ மைனியோதான் கேட்பார்கள், அதுவும் வலி வந்து எட்டு மணி நேரம் ஆன பிறகு. நீங்கள் ஐந்து வாரம் மிச்சம் இருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள். இந்த ஐந்து வாரத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். கர்ப்பப்பை கைகால் தசையைப் போன்றது அல்ல. இதயத்தைப் போல, குடலைப் போல, யார் சொல்லுக்கும் காத்திராமல் தானாக இயங்கும் தசை அது. பகல் முழுக்கக் கடையில் நின்று உங்கள் கால் கடுத்துப்போவதால் கர்ப்பப்பை களைத்துப்போவதில்லை. பேற்று வலி என்பது பெரும்பாலும் கர்ப்பப்பையின் வாய் மெல்ல மெல்லத் திறக்கும் நேரம். அந்த நேரம் முழுவதும் உங்கள் பலம் எதுவும் தேவைப்படுவதில்லை. வாய் முழுதாகத் திறந்த பிறகுதான் முக்குவது. முதல் பிள்ளைக்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு மணி நேரம்கூட ஆகாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் மாதத்தில் நாற்காலியை விட்டு எழவே யோசித்த பெண்கள், அந்த நேரம் வந்ததும் எங்கிருந்தோ ஒரு வேகம் பிடித்துப் பெற்றெடுத்தார்கள். நல்ல திடமான உடம்புள்ள பெண்ணுக்கு, பிள்ளையின் தலை திரும்பியிருந்த விதத்தால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டதும் உண்டு.

அறுவை சிகிச்சையைச் சோர்வோடு முடிச்சுப் போடுவதிலும் நியாயம் இல்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பேறுகள் அறுவை சிகிச்சை வழியாகவே நடந்தன. தனியார் மருத்துவமனைகளில் அது 64க்கு அருகில். முந்தைய பேறு அறுவையாக இருந்தது, பிள்ளை குறுக்கே கிடந்தது, இதயத்துடிப்பு இறங்கியது, கர்ப்பப்பை வாய் திறக்காமல் நின்றுபோனது என்று காரணங்கள் பல. ‘அவள் வீட்டில் வேலை செய்யவில்லை’ என்று எந்த நோயாளிக் குறிப்பிலும் நான் எழுதியதில்லை.

அப்படியானால் நிறைமாதச் சோர்வு பேற்றை ஒன்றுமே செய்யாதா என்றால், செய்யும். மாமி நினைக்கும் வழி வேறு, அது செய்யும் வழி வேறு.

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோவில் செவிலியத் துறை ஆய்வாளர்கள் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் பிள்ளையைச் சுமந்திருந்த 131 பெண்களின் கடைசி மாதத் தூக்கத்தை, மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தார்கள். இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு வலி நேரம் நீண்டது. அறுவை சிகிச்சை நேர்வதற்கான வாய்ப்பு நான்கரை மடங்கு அதிகமாக இருந்தது. அதே 2004இல் தைவானில் நடந்த ஆய்வொன்றும் கர்ப்பகாலச் சோர்வுக்கும் அறுவை சிகிச்சைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. இதைப் படித்ததும் பதறிவிட வேண்டாம். 131 பேர் என்பது சின்னக் கூட்டம். தூக்கம் கெட்டதால் பேறு நீண்டதா, அல்லது தூக்கத்தைக் கெடுத்த அதே காரணம்தான் பேற்றையும் நீட்டியதா என்பதை இப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. பயத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தூக்கமும் வராது, வலியும் நீளும். ஆனாலும் அந்த ஆய்வாளர்கள் சொன்ன யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது: பிள்ளைத்தாய்ச்சி எட்டு மணி நேரமாவது படுக்கையில் இருக்க வேண்டும் என்று மருந்துச்சீட்டில் எழுதுவதுபோல எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால் நம் வீடுகளில் மறுப்பு இருக்காது.

உங்கள் வீட்டில் அந்த எட்டு மணி நேரம் எங்கே போகிறது என்று நான் ஊகிக்கிறேன், தவறானால் மன்னியுங்கள். துபாயில் இரவு பத்து மணிக்கு அவர் வேலை முடித்து அறைக்கு வந்து கூப்பிட்டால் நமக்கு மணி பதினொன்றரை. பேசி முடிக்கப் பன்னிரண்டு ஆகும். அருமனை, குலசேகரம் பக்கத்தில் ரப்பர் வெட்டுக்குப் போகும் வீடுகளில் அதிகாலை நாலு மணிக்கே அடுப்பு எரியும். வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டபோது மருமகள் மட்டும் படுத்திருக்க மனம் வராது. ஆக மொத்தம் கிடைப்பது நாலு மணி நேரம். அதில் மூன்று முறை சிறுநீருக்கு எழ வேண்டும், கெண்டைக்கால் பிடிக்கும், நெஞ்செரியும். அவரிடம் சொல்லுங்கள்: இந்த ஐந்து வாரமும் மதிய இடைவேளையில் கூப்பிடட்டும், அல்லது காலையில் கூப்பிடட்டும். தூரத்தில் இருப்பவருக்குப் பிள்ளைக்காகச் செய்ய ஒரு காரியம் கிடைத்ததில் சந்தோஷம்தான் இருக்கும். நாலு மணி அடுப்பை மாமி பார்த்துக்கொள்ளட்டும். பகலில் ஒரு மணி நேரம் தூங்குங்கள். பகலில் தூங்கினால் நீர் கோர்க்கும், பிள்ளை பெருத்துவிடும் என்பதெல்லாம் காலம் காலமாகச் சொல்லி வருவது. அதில் உண்மை இல்லை.

இடது பக்கமோ வலது பக்கமோ ஒருக்களித்துப் படுங்கள். மல்லாந்து தூங்க வேண்டாம். நிறைமாத வயிறு முதுகெலும்பை ஒட்டிய பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். பிள்ளைக்குப் போகும் இரத்தம் அதனால் குறையும். நடுவில் விழித்துப் பார்க்கும்போது மல்லாந்து கிடந்தால் அஞ்ச வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். வீட்டில் இருக்கும் நாளில் இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்தால் நெஞ்செரிச்சல் பாதி அடங்கும். படுத்ததும் காலில் ஏதோ ஊர்வதுபோலத் தோன்றி, அசைத்தால்தான் நிம்மதி என்று இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பல நேரம் அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். புதிதாகக் குறட்டை வந்து, நடுவில் மூச்சு அடைத்து எழுந்தாலும் சொல்லுங்கள். இரத்த அழுத்தத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு.

இப்போது இரத்தத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை உலுக்கியது தூக்கமின்மையைவிட அந்த நாலு படிதான்.

நிறைமாதத்தில் கொஞ்சம் மூச்சு வாங்குவது இயல்பு. உடம்பில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடியிருக்கும், இதயம் அதற்கேற்ப வேகமாக வேலை செய்யும், வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளியிருக்கும். ஆனால் நாலு படிக்கே மூச்சு வாங்குகிறது என்றால் முதலில் ஹீமோகுளோபின் எண்ணைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு அது 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. 7க்குக் கீழே போனால் கடுமையானது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இரத்தசோகை இருப்பதாக நான் மேலே சொன்ன அதே தேசிய ஆய்வு சொல்கிறது. பாதிப் பேருக்கு இருப்பதாலேயே நாம் அதை நோயாக நினைப்பதில்லை. ‘மாசமாக இருந்தால் அப்படித்தான்’ என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

ஒரு பெண்ணை நான் மறக்கவே முடியாது. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தாள், இரண்டாவது பிள்ளை. உதடு வெளுத்து, கண்ணிமையின் உள்பக்கம் காகிதம்போல இருந்தது. மாத்திரை கொடுத்திருந்தார்கள், வாந்தி வருகிறது என்று நிறுத்திவிட்டாள். ஹீமோகுளோபின் 6.8. வந்து ஒரு மணி நேரத்தில் சுகமாகப் பெற்றாள், ஆண் பிள்ளை, அழுகையும் நன்றாக இருந்தது. வெளியே வீட்டார் மிட்டாய் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்கள். பதினைந்து நிமிடம் கழித்து இரத்தப்போக்கு தொடங்கியது. இன்னொரு பெண்ணாக இருந்தால் தாங்கியிருக்கும் அளவுதான் அது. சாதாரணப் பேற்றிலேயே அரை லிட்டர்வரை இரத்தம் போகலாம். நல்ல இரத்தம் உள்ள உடம்பு அதைச் சமாளித்துக்கொள்ளும். இவளிடம் சமாளிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. எங்கள் கண் முன்னாலேயே நாடி மெலிந்தது. இரத்தம் ஏற்றி, இரவு முழுக்கக் கர்ப்பப்பையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தோம். பிழைத்துக்கொண்டாள். விடியும்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘சுகப்பிரசவம்தானே ஆச்சு, பிறகு ஏன் இப்படி?’ என்று கேட்டார். பேறு முடிந்த பிறகுதான் இரத்தசோகை தன் வேலையைக் காட்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அதன் காரணமும் தெரிந்துகொள்ளுங்கள். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் போய் வருகிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அந்தக் குழாய்களின் வாயெல்லாம் திறந்திருக்கும். கர்ப்பப்பை இறுகிச் சுருங்கி அவற்றை நெரித்து மூட வேண்டும். வலி மிக நீண்டு களைத்துப்போன கர்ப்பப்பை சில நேரம் இறுகாமல் தளர்ந்து கிடக்கும். இதனால்தான் பிள்ளை பிறந்த உடனே எல்லாத் தாய்மார்களுக்கும் ஆக்சிடோசின் ஊசி போடுகிறோம். நீண்ட பேறும் குறைந்த இரத்தமும் ஒரே பெண்ணிடம் சேர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை எல்லாம்.

அதனால் கிராம சுகாதார செவிலியரிடம் உங்கள் தாய் சேய் நல அட்டையைக் காட்டி, கடைசியாக எப்போது ஹீமோகுளோபின் பார்த்தார்கள், எண் என்ன என்று கேளுங்கள். ஒரு மாதத்துக்கு முந்தையது என்றால் மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையால் எண் ஒன்று கூடுவதற்கே மூன்று நாலு வாரம் ஆகும். உங்களிடம் இருப்பதோ ஐந்து வாரம். எண் மிகவும் குறைந்திருந்தால் மாத்திரையை மட்டும் நம்பியிருக்காமல் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இதைச் செய்கிறார்கள். 7க்குக் கீழே என்றால் மருத்துவமனையில் சேர்ந்துதான் ஆக வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளை மருத்துவரே பார்க்கும் நாள். அந்த நாளுக்குக் கடையில் விடுப்புச் சொல்லிவிடுங்கள்.

மாத்திரை சாப்பிடுபவர்களும் அதைக் கெடுத்துக்கொள்வது சாயாவில். நம் ஊரில் காலையில் எழுந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, கடையில் மாலையில் ஒன்று. தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்பைக் குடலுக்குள் பிடித்து நிறுத்திவிடும். கருப்பட்டிக் காப்பியில் இரும்பு இருக்கிறதே என்பார்கள். காப்பியும் தடுக்கத்தான் செய்யும். சாயாவை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் சேர்த்து விழுங்க வேண்டாம். இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரை குமட்டினால் இரவு படுக்கும் முன் சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போவது இயல்பு, அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு குறையும் ஒரு கொடையும் உண்டு. குறை மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. வயிற்றை நிரப்பும், உடனே தெம்பும் தரும். ஆனால் அதில் மாவுச்சத்தைத் தவிர அதிகம் ஒன்றும் இல்லை. மரச்சீனியையும் மிளகாய்ச் சம்மந்தியையும் வைத்து ஒரு நேரத்தை ஓட்டிவிட்டால் பசி தெரியாது, இரத்தம் ஊறாது. கொடை நம் கடல். அதே மரச்சீனியோடு சாளையோ நெத்திலியோ அயிலையோ சேர்ந்தால் புரதமும் கிடைக்கும், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள மீனும் உதவும். கஞ்சியும் சிறுபயறும், முருங்கைக் கீரைத் துவரன், கூடவே ஒரு நெல்லிக்காய் அல்லது எலுமிச்சை பிழிந்த தண்ணீர். இதற்கு மேல் எந்தப் பொடியும் டப்பாவும் தேவையில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாயில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்ந்தது. அதிலுள்ள பேரீச்சம்பழத்தை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு வைக்காமல் நீங்களே சாப்பிடுங்கள். சர்க்கரை இருப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்டுச் சாப்பிடுங்கள்.

இரத்தம் சரியாக இருந்தும் சோர்வு விடவில்லை என்றால் தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலால் வால்வு பழுதாகி, அது தெரியாமலே கல்யாணம் ஆகி, நிறைமாதத்தில் வெளிப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் கேட்கிறேன், வருத்தப்பட வேண்டாம். கணவர் அருகில் இல்லை. சோர்வோடு சேர்த்து, காரணமின்றி அழுகை, பிள்ளையைப் பற்றி நினைத்தாலும் மகிழ்ச்சி வராமை, இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பு இல்லாமை இருக்கிறதா? இருந்தால் அதுவும் உடம்புக்கு வருவதைப் போன்ற ஒரு நோய்தான். மருத்துவரிடம் சொல்லலாம், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே.

வேலையைப் பற்றி. மாமி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தினமும் நடப்பதும் மிதமான அசைவும் பேற்றுக்கு நல்லது. உடற்பயிற்சி செய்யும் கர்ப்பிணிகளுக்கு அறுவை சிகிச்சை கொஞ்சம் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பத்து மணி நேரம் ஒரே இடத்தில் நிற்பது உடற்பயிற்சி அல்ல. கால் வீங்கும், இடுப்பு விடும், நீண்ட நேரம் நிற்கும் வேலைக்கும் குறைமாதப் பேற்றுக்கும் தொடர்பு இருப்பதும் தெரிந்தது. மாமியின் காலத்தில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்துவிட்டு நடுப்பகலில் திண்ணையில் சாய்ந்திருப்பார்கள். உங்களுக்கு அந்தத் திண்ணையும் இல்லை. கடையிலிருந்து வந்து மறுபடி முற்றம் பெருக்க வேண்டாம். மாலையில் அரை மணி நேரம் காற்றாட நடந்தால் அதுவே போதும். மாமியோடு நடங்கள், அவருக்கும் மனம் ஆறும்.

கடையில் உங்களுக்கு உரிமைகள் இருக்கின்றன, கேளுங்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடும் 2021இல் அதைச் செய்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை என்றால் மகப்பேறு பயன் சட்டம் பொருந்தும். முன்பு அது 1961ஆம் ஆண்டின் தனிச் சட்டமாக இருந்தது, 2025 நவம்பரிலிருந்து 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. கடந்த 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் பிள்ளைக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. அதில் எட்டு வாரம்வரை பேற்றுக்கு முன்பே எடுக்கலாம். உங்களுக்கு அந்த எட்டு வாரம் 32ஆம் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் பணம் அந்த வழியாக வரும். விடுப்பு எடுக்காமல் தொடர்ந்தாலும், நீங்கள் கேட்டுக்கொண்டால் நீண்ட நேரம் நிற்கும் வேலையை இந்தக் கடைசி வாரங்களில் தரக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இந்த வாரமே விடுப்பு எழுதிக் கொடுங்கள். பேற்றுக்குப் பிறகு பிள்ளையோடு இருக்கும் நாள் குறைந்துவிடும் என்று பலர் கடைசி நாள்வரை போகிறார்கள். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் நாலு படிக்கு மூச்சு வாங்கும் உங்கள் நிலையில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

இனி வலி தொடங்கும் அந்த முதல் இரவு. என் அனுபவத்தில் பெண்கள் தெம்பை இழப்பது ஒன்பதாம் மாதத்தில் அல்ல, இந்த ஓர் இரவில்தான்.

முதல் பிள்ளைக்கு வலி தொடங்கிய நேரத்திலிருந்து அது வேகம் பிடிக்கும்வரை பல மணி நேரம் ஆகும். ஒரு முழு இரவும் பகலும்கூட ஆகலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகே வேகமான கட்டம் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நேரம் காத்திருக்கும் நேரம். நம் வீடுகளில் நடப்பது என்ன? முதல் சுள் என்றதும் விளக்கெல்லாம் எரியும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிடுவார்கள். நட, நட என்பார்கள். சோறு வேண்டாம், வயிறு காலியாக இருக்கட்டும் என்பார்கள். யாராவது விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அப்படி வந்த ஒரு பெண்: சனிக்கிழமை மாலை வலி தொடங்கி, ஞாயிறு முழுதும் நடக்கவிட்டு, திங்கள் விடிகாலையில் கொண்டுவந்தார்கள். விளக்கெண்ணெயால் எட்டு முறை வயிற்றோட்டம். நாக்கு வறண்டு, சிறுநீர் சுண்டி, கண் திறக்கவில்லை. வாய் திறந்திருந்தது மூன்று சென்டிமீட்டர். வலி தேய்ந்துகொண்டிருந்தது. உடம்பில் சர்க்கரையும் நீரும் வற்றினால் கர்ப்பப்பையும் சோர்ந்துவிடும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே அது சோர்வதை அந்த ஒரு நிலையில்தான் பார்த்திருக்கிறேன். மருத்துவர் குளுகோஸ் ஏற்றச் சொல்லி, தூங்க ஊசி போட்டார். நாலு மணி நேரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். எழுந்தபோது வாய் ஏழு சென்டிமீட்டர் திறந்திருந்தது. மாலைக்குள் பெற்றுவிட்டாள், ஆபரேஷன் இல்லாமல்.

ஆகவே உங்களுக்கு இரவில் வலி தொடங்கினால், விட்டுவிட்டு வருகிறது, இடையில் பேச முடிகிறது என்றால், வீட்டாரை எழுப்பிச் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வராவிட்டாலும் விளக்கணைத்துக் கிடங்கள். சீரகக் கஷாயம் கொடுத்தால் குடியுங்கள். பொய் வலி என்றால் அடங்கும் என்பார்கள், எப்படியானாலும் சூடான தண்ணீர் உள்ளே போவது நல்லது. விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். பகலில் தொடங்கினால் கஞ்சி, இட்லி, மட்டிப்பழம், இளநீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சிக்கல் இல்லாத பேற்றில் வலி நேரத்தில் லேசாகச் சாப்பிடலாம், குடிக்கலாம் என்பதே இன்றைய மருத்துவ வழக்கம். மருத்துவமனையில் சேர்ந்த பிறகு மட்டும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நீடிக்கும் வலி ஒரு மணி நேரமாகத் தொடர்ந்தால் புறப்படுங்கள். பேச்சிப்பாறை, கோதையாறு போன்ற மலைப்பக்கத்தில் இருப்பவர்கள் இதைவிட முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே விடுவார்கள். யாரை அழைப்பது என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பக்கத்தில் ஒருவர் விடாமல் இருந்தால் அறுவை சிகிச்சை குறைகிறது, வலி நேரமும் குறைகிறது என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். உறவில் நெருக்கம் என்பதற்காகப் பயந்து அழுகிறவரை அழைக்காதீர்கள். முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, வலிக்கு நடுவில் கண் மூட விடுகிறவர் வேண்டும். உங்கள் மாமியே அப்படிப்பட்டவராக இருக்கலாம். அவரிடம் இந்தப் பதிலைப் படித்துக் காட்டுங்கள். அவர் பேச்சில் இருப்பது உங்கள் மேலுள்ள கவலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முக்கும் நேரத்தில் களைப்பாக இருந்தால் ஒருக்களித்துப் படுத்தே முக்கலாம், ஒவ்வொரு வலிக்கும் நடுவில் முழுதாகத் தளர்ந்துவிடலாம். முடியவே இல்லை என்றால் கருவி வைத்துப் பிள்ளையை எடுத்துத் தர ஆள் இருக்கிறார்கள். உங்கள் தெம்பை மட்டும் நம்பி அந்த அறை நடப்பதில்லை.

சோர்வு என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாதவை சில உண்டு. விடாத தலைவலி, கண் மங்குவது, மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது; உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பே இல்லாமல் கடும் அரிப்பு; இரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, காய்ச்சல்; பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது. தலை இறங்கிவிட்டால் பிள்ளை அடங்கிவிடும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். கடைசி நாள்வரை அசைவு குறையக் கூடாது. இதில் எது நேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

ஹீமோகுளோபின் பார்த்ததும் அந்த எண்ணையும், பார்த்த தேதியையும், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரையும் எனக்கு எழுதுங்கள். 9க்குக் கீழே இருந்தால் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.